ஜப்பான் அண்ணாச்சியின் வெந்நீர் ஹோட்டல்

கல்ஃபில், முசஃபா கேம்ப்பில் எங்கள் ரூமுக்குள் சாயங்காலம் யார் நுழைந்தாலும் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். கதவுக்குப் பக்கத்துக் கீழ்க்கட்டிலில் நேராக உட்கார்ந்திருப்பார். இரண்டு காலும் ஒரு காலி பெயிண்ட் வாளிக்குள் இருக்கும். வாளியில் வெந்நீர். தலையில் நாலாக மடித்த ஈரத்துண்டு. கண் மூடியிருக்கும். தூங்குகிறார் என்று நினைத்து சத்தமில்லாமல் தாண்டிப் போனால், கண்ணைத் திறக்காமலே, "வாலே. சாப்டியா?" என்பார்.

அவரை நாங்கள் ஜப்பான் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். சொந்தப் பெயரை இதில் எழுதவில்லை. சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பெயரை எழுதினால் அங்கே நாலு பேருக்குத் தெரிந்துபோகும். அவருக்கு அது பிடிக்காது.

பிள்ளைகளே, கல்ஃப் கதை சொல்லுங்கப்பா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் ஒட்டகத்தைப் பார்த்தேன், பெரிய கட்டிடத்தைப் பார்த்தேன் என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒட்டகத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருப்பேன், அதுவும் பஸ் ஜன்னல் வழியாக. தினமும் பார்த்தது இந்த வாளியையும் அதற்குள் இருந்த இரண்டு காலையும்தான். அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் எப்படி இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குழாய் வளைக்கிற ஒர்க்‌ஷாப்பில் வேலை. விடியுமுன்னே பஸ். பஸ்ஸில் தூக்கம். நாள் முழுக்க இரும்புச் சத்தம். மறுபடி பஸ், மறுபடி தூக்கம். ரூமில் ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில் மூன்று. முறை வைத்துச் சமைப்போம். சோற்றைத் தட்டில் போட்டு, இருக்கிற எல்லாவற்றையும் அதன் மேலேயே ஊற்றி, பல நாள் நின்றுகொண்டே வாய்க்குள் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவோம். வண்டிக்கு டீசல் போடுவது மாதிரி. வருத்தம் என்று சொல்ல முடியாது. சந்தோஷமும் கிடையாது. உங்க அம்மா போனில், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பாள். நான் திரும்பிக் கழுவாத தட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

அண்ணாச்சி மட்டும் வேறு மாதிரி. பஸ்ஸை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவார். என்ன அண்ணாச்சி, அசந்துட்டீங்களா என்று கேட்டால், "நான் வந்துட்டேன்லே. உடம்பு இன்னும் பஸ்ல வந்துட்டு இருக்கு. அது வந்து சேரட்டும்" என்பார்.

மேல்கட்டிலில் முருகேசன் என்று ஒரு வெல்டர். சும்மா இருக்க மாட்டான். "உடம்பு வரும்போது அப்படியே ரெண்டு கிலோ வெங்காயம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க அண்ணாச்சி. ரூம்ல வெங்காயம் மாஃபி" என்பான். மாஃபி என்றால் அரபியில் இல்லை.

அண்ணாச்சி சிரிப்பார். கோபமே வராது. வாளியில் கால் போட்ட பிறகு யார் என்ன சொன்னாலும் வராது.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது கேம்ப் முழுக்கத் தெரியும். ஒர்க்‌ஷாப்புக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெரிய வளைக்கிற மெஷின் வாங்கினார்கள். அதை ஓட்டப் பழகுவதற்கு அண்ணாச்சியையும் இன்னொருவரையும் அங்கே அனுப்பினார்கள். நான் வருவதற்கு முன்னால் நடந்தது அது. பயிற்சி முடிந்ததும், மெஷின் கம்பெனிக்காரர்கள் மரியாதைக்காக இவர்களை ஒரு மலை மேலே கூட்டிப்போய் இரண்டு ராத்திரி ஒரு ஹோட்டலில் தங்கவைத்தார்கள். பூமிக்குள்ளிருந்து தானாக வெந்நீர் வருகிற இடம். அந்தத் தண்ணீரில் குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் சும்மா இருப்பதற்கும் மட்டுமே ஜனங்கள் அங்கே வருவார்களாம்.

"வேற என்ன பண்ணுவாங்க அங்க?" என்று நான் முதல் தடவை கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அதான் அங்க வேலையே."

வாசலிலேயே செருப்பை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அறைக்குள் கட்டில் கிடையாது, மேஜை என்று முழங்கால் உயரத்தில் ஒன்று, தரை முழுக்கப் பாய். நம்ம லுங்கித் துணி மாதிரி ஒரு துணியில் கணுக்கால் வரைக்கும் ஒரு அங்கி தந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனார். அங்கே ஒட்டுத்துணி இல்லாமல்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். இவருக்குத் தெரியாது. இடுப்பில் துண்டோடு இறங்கப் போனார். ஒரு கிழவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, துண்டைக் காட்டி, தலையைக் காட்டினார். துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள் என்று அர்த்தம். எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

"அப்ப நீங்க?" முருகேசன் ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் கேட்பான்.

"வெட்கத்துல கண்ணை மூடிக்கிட்டேன். நான் கண்ணை மூடினா அவங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு நினைப்பு."

தண்ணீர் பால் மாதிரி வெளுப்பாக இருந்ததாம். கந்தக வாசம் அடித்ததாம். மற்றவர்களுக்கு அது என்ன வாசமோ, அண்ணாச்சிக்கு அது வீட்டு வாசம். அவர் பெண்டாட்டி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். சாயங்காலம் வீட்டுக்குள் வந்தால் சேலையிலும் தலைமுடியிலும் அந்த வாசம்தான் வரும். கழுத்தளவு வெந்நீரில், தெரியாத ஊரில், அம்மணமாக உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் அவள் வந்து நின்ற மாதிரி இருந்தது என்று சொல்வார். இதைச் சொல்லும்போது மட்டும் முருகேசன் கேலி செய்ய மாட்டான்.

அப்புறம் சாப்பாட்டுக் கதை. அக்கா வயசில் ஒரு அம்மா வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணமாக வைத்தார். உள்ளங்கை அளவு கிண்ணங்கள். ஒன்றில் காளான். ஒன்றில் சோயாக் கட்டி. ஒன்றில் முள்ளங்கி ஊறுகாய். ஒன்றில் மீன் துண்டு, பச்சையாக. பக்கத்தில் விளக்கு மாதிரி ஒரு குட்டி அடுப்பு, அதன் மேல் ஒரு குட்டிச் சட்டி. அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். சோறு வரட்டும், தொட்டுக்கொள்ளலாம் என்று. அந்த அம்மாவோ, இவர் கிண்ணங்களைக் காலி செய்யட்டும், சோறு கொண்டுவரலாம் என்று கதவோரம் காத்திருந்தார். அங்கே சோறு கடைசியில்தான் வருமாம்.

"நான் அவங்களைப் பாத்து சிரிக்கேன். அவங்க என்னைப் பாத்து சிரிக்காங்க. சட்டிக்குக் கீழ தீ அணைஞ்சே போச்சு."

கடைசியில் அந்த அம்மா பயந்துபோய், சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்து, பச்சை மீனை எடுத்துப்போய்ச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஒரு துண்டை எடுத்து, வாயில் போடுவது மாதிரி காட்டினார். அப்போதுதான் இவருக்கு விளங்கியது. சோறு இல்லாமல் வெறும் மீனை வாயில் போட்டார். "அன்னைக்குத்தாம்லே மீன்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் சோத்தோட சேத்து முழுங்கியிருக்கேன்" என்பார்.

ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அந்த அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து பரிமாறினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சிக்கு ஒன்று தோன்றியது. என் பெண்டாட்டி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லையே என்று. எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றுகொண்டே சட்டியில் இருக்கிறதை வழித்துத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்.

அதிலிருந்து அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். ரூமில் இருந்த எல்லோருக்கும் தெரியும். "ஒரே ஒரு நாள். அவ வெந்நீர்ல காலைப் போட்டு உக்காரணும். அப்புறம் நான் ஒவ்வொண்ணா வைக்கணும், அவ சாப்பிடணும். அவ்வளவுதான்."

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? லீவுல போறப்ப ஊர்லயே வாளியில ஊத்திக் குடுங்க" என்றான் முருகேசன்.

"குடுத்தேனே."

லீவில் போயிருந்தபோது அவரே சமைத்து, சின்னக் கிண்ணங்கள் வாங்கி, வீட்டில் வரிசையாக வைத்து, பெண்டாட்டியை உட்காரச் சொன்னாராம். முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளுக்கு. அப்புறம் கதவை யாரோ தட்டினார்கள், எழுந்து போனார். அப்புறம் ஆடு கத்தியது, எழுந்து போனார். மிச்சத்தை நின்றுகொண்டே ஒன்றாகக் கலந்து தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, எதுக்கு இத்தனை ஏனம்? யாரு கழுவ?" என்றாராம்.

"ஊர்ல அவ உக்கார மாட்டாலே. யாரும் இல்லாத எடத்துக்குக் கொண்டாந்தாத்தான் உக்காருவா."

அதனால் விசிட் விசா எடுத்து இங்கே கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தார். அல் அய்ன் பக்கம் ஒரு மலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, வெள்ளிக்கிழமை எல்லோரும் போய்க் காலை நனைத்துவிட்டு வருவார்கள். ஜப்பான் இல்லாவிட்டால் என்ன, இது போதும் என்றார்.

அதுவரைக்கும் ரூம்தான் அவருக்கு ஹோட்டல். சாம்பாரைத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் குடிப்பார். அப்புறம் பொரியல் மட்டும். அப்புறம் ஒரு துண்டு மீன், அதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் ஒரு கைப்பிடி சோறு. கோடை வந்துவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். அங்கே கோடையில் மாடித் தொட்டியே அடுப்பு மாதிரி காயும், குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. நாங்கள் எல்லாம் கீசரை அணைத்துப்போட்டு, அதற்குள் நின்று ஆறிய தண்ணீரில் குளிப்போம். ஊரில் வெந்நீருக்குக் கீசர், அங்கே பச்சைத்தண்ணீருக்குக் கீசர். கேம்ப்பே சபித்துக்கொண்டிருக்கும். அண்ணாச்சி மட்டும் வாளியை நிரப்பிக்கொண்டு, "காசில்லாத ஜப்பான்" என்று சொல்லிக்கொண்டு வருவார்.

எனக்கும் அந்த மாதிரி சாப்பிடக் கற்றுத்தரப் பார்த்தார். ஒரு வெண்டைக்காயை வாயில் போட்டு, கண்ணை மூடச் சொல்லி, "என்ன தெரியுது?" என்றார்.

"வெண்டைக்கா அண்ணாச்சி."

"சரி. போகப் போகத் தெரியும்."

போகப் போகவும் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அவர் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். முருகேசன்தான் முதலில் பார்த்தான். ஷூவின் அடிப்பக்கத்தில் ஒரு திருகாணி உள்ளே ஏறி, குதிகாலுக்குள் போயிருந்தது. எத்தனை நேரமாக என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. நாங்கள் கத்துகிறோம், அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "எப்படா இது?" என்கிறார், யாரோ ஒருவர் காலைப் பார்க்கிற மாதிரி.

நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். மலையாளி டாக்டர். சுகர் ரொம்ப நாளாகவே இருக்கிறது, காலில் உணர்ச்சி போய்விட்டது என்றார். மருந்து எழுதினார். வெந்நீர் வாளியைப் பற்றி நான் சொன்னதும் எழுந்தே விட்டார். "சூடுவெள்ளத்துல கால் வைக்கண்டா. வெந்தாலும் நீங்க அறிய மாட்டீங்க. கேட்டோ?"

வெளியில் வந்ததும் அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான். "வீட்ல சொல்லிராத. அவ வர மாட்டா. என்னையும் வரச் சொல்லிருவா."

நான் சொல்லவில்லை. ரூமில் எல்லோருக்கும் தெரியும், வாளியை ஒளித்து வைத்தோம். இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் வாளியைத் தேடி எடுத்துவிட்டார். அப்புறம் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். தண்ணீரை ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவார். "தம்பி, கை வச்சுப் பாரு." நான் கையை விட்டுப் பார்த்து, பச்சைத்தண்ணீர் கலந்து, சரி என்று சொன்ன பிறகுதான் காலைப் போடுவார். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அவருக்கு எப்படி இருந்தாலும் ஒன்றுதானே. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா" என்பார்.

"ஒண்ணுமே தெரியாதப்ப என்னத்துக்கு அண்ணாச்சி ஆகா?" என்று கேட்டேன்.

"கால்தாம்லே தூங்குது. முழங்காலுக்கு மேல நான் முழிச்சுத்தான் இருக்கேன்."

பிற்பாடு ஊரில் அந்தக் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஆள் போய்விடவில்லை. மளிகைக்கடையில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

திருகாணி ஏறிய அந்த வருஷமே குளிர்காலத்தில் மதினி, அண்ணாச்சியின் பெண்டாட்டி, வந்தார். கேம்ப்பில் பெண்களைத் தங்கவைக்க முடியாது. கேம்ப் பக்கத்தில் பக்காலா, அதாவது மளிகைக்கடை, வைத்திருந்த சலீம் காக்கா, கீழக்கரைக்காரர், தன் வீட்டில் ஒரு ரூமை ஒழித்துத் தந்தார். காக்காவின் வீட்டம்மா மதினியை அடுப்படிக்குள் விடவில்லை. மதினிக்கு அதுவே பெரிய சங்கடமாக இருந்தது. நாங்கள் பார்க்கப் போன அன்றைக்கு, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். சின்ன உருவம். சத்தமான குரல். என்னைப் பார்த்ததும், "நீங்கதானா அந்தத் தம்பி? ஏன் இப்படி எலும்பா இருக்கீங்க? இவரு சட்டியைப் பூராத் தின்னுருதாரா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காக்காவின் டெலிவரி வேனில் கிளம்பினோம். காக்கா, அண்ணாச்சி, மதினி, முருகேசன், நான். அண்ணாச்சி விடிவதற்கு முன்னாலேயே எழுந்து ரூமில் சமைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு கரண்டி கொடுத்து உப்புப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில், மேலே வெள்ளித்தாள் மூடி. வழி முழுக்கத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மதினி கையை நீட்டியபோதெல்லாம், "நீ சும்மா இரு. இன்னைக்கு நீ விருந்தாளி" என்றார்.

"ஐயோ, பெரிய விருந்தாளி" என்று மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஊற்றுத் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி புல்வெளிக்கு நடுவில் ஓடும். கீழே போகப் போக ஆறும். எல்லா நாட்டுக்காரர்களும் கீழ்ப்பக்கம் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டிருந்தார்கள். மேலே, தண்ணீர் வெளியே வருகிற இடத்தில் ஒருவரும் இல்லை. அண்ணாச்சிக்கு யாரும் இல்லாத இடம்தானே வேண்டும். "நீங்க பாயை விரிச்சு வைங்க. நாங்க அங்க கொஞ்சம் உக்காந்துட்டு வாரோம்" என்று மதினியைக் கூட்டிக்கொண்டு மேலே போனார்.

நாங்கள் பாயை விரித்தோம். தூரத்தில் அவர் பேண்ட்டைச் சுருட்டுவது தெரிந்தது. அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்பி, கை வச்சுப் பாரு என்று எந்த மனுஷன் கூப்பிடுவான்?

அங்கே நடந்ததை மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணாச்சி மதினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே விட்டு, "இதமா இருக்கு, வா" என்றிருக்கிறார். மதினி ஒரு விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஆத்தீ, கொதிக்குதுங்க!"

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். ஜப்பான்லயும் அப்படித்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல பழகிரும். கண்ணை மூடு."

மதினி கண்ணை மூடவில்லை. தண்ணீருக்குள் தெரிந்த அவர் காலைப் பார்த்தார்.

"ஏங்க, காலை எடுங்க."

"இரு, இரு."

"காலை எடுங்கங்கேன்!"

மதினியே இரண்டு காலையும் பிடித்து வெளியே தூக்கிப் போட்டார். கணுக்கால் வரைக்கும் சிவந்திருந்தது. மதினி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார்.

"தெரியுதா?"

"தெரியுது."

"எந்த விரலு?"

"பெருவிரலு."

அது சுண்டுவிரல்.

அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. ஓடினோம். நானும் முருகேசனும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிக் கூட்டிவந்தோம். பாய்க்கு வருவதற்குள் குதிகாலில் தோல் உப்ப ஆரம்பித்துவிட்டது. காக்கா வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். "யல்லா, ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அண்ணாச்சி பாயில் உட்கார்ந்துவிட்டார். "அவ சாப்பிடட்டும் காக்கா. அப்புறம் போவோம்."

"சாப்பாடு எங்கயும் ஓடிறாது வாப்பா."

"அவ ஓடிருவா. இப்ப எந்திரிச்சா இனி உக்கார மாட்டா."

காக்கா மதினியைப் பார்த்தார். மதினி அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சேலையைச் சொருகிக்கொண்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க."

அண்ணாச்சி அந்த ஜப்பான் அம்மா மாதிரியே முட்டி போட்டார். கால்கள் இரண்டும் பாய்க்கு வெளியே புல்லில் நீட்டிக்கொண்டிருந்தன. முருகேசன் அவருக்குப் பின்னால் குத்தவைத்து, வேனில் இருந்த குடிதண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து அந்தக் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தான். அண்ணாச்சி முன்பக்கம் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார்.

தயிரில் போட்ட வெள்ளரிக்காய். மதினி சாப்பிட்டார். "நல்லாருக்கு." சுட்ட கத்தரிக்காய். "நல்லாருக்கு." வஞ்சிரத் துண்டு ஒன்று. அவித்த கடலை. கடலைக் கிண்ணத்தைப் பழக்கத்தில் என் பக்கம் நீட்டி, "தம்பி, நீங்க" என்றார். அண்ணாச்சி கூடாது என்று தலையை ஆட்டினார். மதினி கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். வெல்லம் போட்ட பூசணிக்காய். ஒரு டம்ளர் ரசம். குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு கிண்ணத்தையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார். இடையில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு கைப்பிடி சோறு. அதையும் சாப்பிட்டார். அண்ணாச்சி கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

"இப்ப எந்திரிங்க" என்றார் மதினி.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியை உள்ளே படுக்கவைத்துக் காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மதினியும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காக்கா யாரிடமோ போனில் பேசிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். மதினி அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். அவருகிட்ட சொல்லிராதீங்க."

"சொல்லுங்க மதினி."

"அதுல எது நல்லாருந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானே மதினி சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேன். நாக்குல ஒண்ணுமே தெரியல தம்பி. மீனா கடலையான்னுகூடத் தெரியல. வாயில போட்டேன், முழுங்கினேன். இப்ப உள்ள போனா எது புடிச்சுதுன்னு கேப்பாரு. விட மாட்டாரு. நான் என்ன சொல்ல?"

காலையில் அவர் தந்த கரண்டிகளை நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

"பூசணிக்காய்னு சொல்லுங்க. வெல்லம் போட்டது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். மொதல்ல இனிக்கும், முழுங்கினப்புறம் தொண்டையில லேசா உறைக்கும்."

மதினி உதட்டை அசைத்து, வெல்லம், இஞ்சி, தொண்டையில என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

அண்ணாச்சி மேலே பார்த்துப் படுத்திருந்தார். கால்மாட்டில் நர்ஸ் கத்தரிக்கோலால் தோலை எடுத்துக்கொண்டிருந்தார். மதினியைப் பார்த்ததும், "எது புடிச்சுது?" என்றுதான் கேட்டார்.

"பூசணிக்கா. இனிச்சுட்டே வந்து தொண்டையில உறைச்சுது பாருங்க, அது."

அண்ணாச்சி முகம் எப்படி ஆயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தலையைத் தூக்கி உட்காரப் பார்த்தார். நர்ஸ் அதட்டிப் படுக்கவைத்தார்.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர், இல்ல" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு மதினியிடம் திரும்பிக்கொண்டார். "அது எப்படின்னா, பூசணிக்காயைக் கரண்டி போட்டுக் கிளறவே கூடாது. சட்டியைத்தான் ஆட்டணும். வெல்லத்தை மொதல்லயே போட்டா காய் வெறைச்சுக்கிடும். பாதி வெந்தப்புறம்தான் போடணும். இஞ்சியை அடுப்பை அணைச்சுட்டுப் போடணும். போட்டுட்டு உடனே மூடிறணும். நான் ரெண்டு தடவை சும்மா செஞ்சு பாத்துட்டுத்தான்..."

மதினி அவர் தலைமாட்டில் நின்று, அவர் காலையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.